பலர் கூடிக் குறிச்சொல் இடுதல்

நூல்நிலையம் புகுந்து தமக்கு வேண்டிய நூல் ஒன்றைத் தேடி, அஃது அங்கே இருந்தும் அகப்படாமல் வெறுங்கையுடன் மீண்ட அனுபவம் நம் மாணவருள் பலர்க்கு உண்டு. நூல் இல்லாமையால் நேர்ந்த குறை அன்று அது. வைத்தவர் ஒரு பெயரை நினைத்து வைத்தார். தேடியவர் மற்றொரு பெயரை நினைத்துத் தேடினார். வைப்பவர் சொல்லும் தேடுபவர் சொல்லும் ஒன்றாகாதவிடத்து, இருக்கும் பொருளும் இல்லாத பொருளாய்விடுகின்றது. இணையத்தில் இவ்விடர் பன்மடங்கு பெரிது. நூல்நிலையத்திலாவது நூல்களைப் பகுத்து அடுக்குதற்கென்று அலுவலர் ஒருவர் உளர். வலைப்பக்கங்களுக்கோ அங்ஙனம் ஒருவரும் இலர். தேடுபொறிகள் உளவே எனின், உள. ஆயினும் அவை உலகோர் அனைவர்க்கும் பொதுவாகத் தேடித் தருவன. நேற்று ஒரு பக்கத்தைப் படித்த நும் தோழர் அது நும் வகுப்பின் கட்டுரைக்கு எவ்வாறு பயன்படும் என்று கருதினார் என்பதை அவை அறியா.

இக்குறையைப் படிப்பவர்கள் தாமே தீர்த்துக்கொள்ளக் கண்ட எளிய வழி, பலர் கூடிக் குறிச்சொல் இடுதல் ஆகும். ஒருவர் தாம் படித்த வலைப்பக்கத்தின் முகவரியைப் பொதுவாகிய ஓரிடத்திற் சேமித்து, அதனோடு இரண்டு மூன்று சொற்களைத் தம் விருப்பப்படி சேர்த்து வைக்கின்றார். அச்சொற்களே குறிச்சொற்கள். அதே பக்கத்தைப் படித்த மற்றொருவர் தம் சொற்களைச் சேர்க்கின்றார். பின்னர் எவரேனும் ஒரு குறிச்சொல்லைச் சுட்டினால், அச்சொல் பெற்ற பக்கங்கள் யாவும் ஒருங்கே வந்து நிற்கும். இவ்வளவே இதன் இலக்கணம். ஆயினும் இதனைச் செவ்வனே செய்தற்கும் வீணே செய்தற்கும் உள்ள வேறுபாடு பெரிதாகலின், அதனைத் தொடங்கும் வகையை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

முதற்கண் ஒரு நிகழ்ச்சி கூறுவேன். மாணவர் நால்வர் நம் நாட்டு நீர்நிலைகளின் வரலாற்றைப் பற்றிக் கட்டுரை எழுதும்பொருட்டு வலைப்பக்கங்களைத் திரட்டி வந்தனர். திரட்டியவற்றை ஓரிடத்தே சேர்த்துக் குறிச்சொல்லும் இட்டனர். ஒரு திங்கள் சென்றபின் என்பால் வந்து, "ஐயா, இருநூறு பக்கம் சேர்த்தோம், வேண்டியபோது பத்துக்கூட அகப்படவில்லை" என்று முறையிட்டனர். பார்த்தேன். செங்கற்பட்டு மாணவர் தம் பக்கங்களுக்கெல்லாம் 'ஏரி' என்று இட்டிருந்தார். இராமநாதபுரத்தார் 'கண்மாய்' என்றார். திருநெல்வேலியார்க்கு அது 'குளம்'. சென்னையிற் பிறந்து வளர்ந்த நான்காமவரோ மூன்றையும் கண்டவர் அல்லர். அவர் 'நீர்ப்பாசனம்' என்று பொதுப்பட எழுதி அமைந்தார். நால்வரும் ஒரே பொருளைத்தான் குறித்தனர். நால்வரும் தத்தம் ஊர் வழக்கைத்தான் எழுதினர். ஒருவர் எழுதியதும் பிழையன்று. ஆயினும் 'ஏரி' என்று தேடியவர்க்குக் 'கண்மாய்' மறைந்தது.

இந்நிலையில் யாது செய்வது? ஒரு சொல்லை மட்டும் நிறுத்தி ஏனையவற்றை விலக்கிவிடுவோம் என்பதே அவர்களுக்கு முதலில் தோன்றிய விடை. எனக்கும் முதலில் அதுவே தோன்றிற்று. அவ்விடை தவறு என்பதை உணர்தற்கு, நூல்களைப் பகுக்கும் முறை வளர்ந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். 

நூலைப் பகுப்பவர்க்கு ஓர் இயற்கைத் தளை உண்டு: ஒரு நூல் ஓர் அலமாரியில் ஓரிடத்திலேதான் நிற்கும். அமெரிக்கராகிய மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட பதின்ம முறை, அறிவு முழுவதையும் பத்துப் பெருவகுப்பாக்கி, ஒவ்வொன்றையும் பத்தாக்கி, மேலும் மேலும் பத்தாக்கிச் செல்வது. அது செய்த நன்மை அளவிடற்கரியது. ஆனால், பகுப்பவர் நின்ற இடத்திலிருந்து உலகம் எவ்வாறு தோன்றியதோ அவ்வாறே அது பகுக்கப்பட்டது. இலக்கிய வகுப்பில் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், இலத்தீன், கிரேக்கம் என்னும் மொழிகளுக்கு முறையே 820 முதல் 880 வரை இடம் தந்துவிட்டு, எஞ்சிய மொழிகள் அனைத்தையும் 890 என்னும் எண்ணின்கீழ்ப் 'பிற' என்று தொகுத்தனர். தமிழிலக்கியம் 894.811 என்னும் எண்ணில் அமர்ந்திருக்கின்றது. நம் நூல்நிலையத்தில் அலமாரி அலமாரியாக நிறைந்து நிற்பது தமிழே. எனினும் எண் அதனைப் 'பிற' என்றே கூறும். இது பகைமையால் நேர்ந்ததன்று. எவர் பகுப்பினும் தம் வீட்டுத் திண்ணையிலிருந்துதான் தெருவைப் பார்ப்பர்.

இத்தளையை நெகிழ்த்தவர் நம்மவர் ஒருவர். சீகாழியில் 1892-இல் தோன்றி, அக்காலத்துச் சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த கிறித்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்ற சீ. இரா. அரங்கநாதனார், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். அவ்வாண்டே பயிற்சிக்காக இலண்டனுக்குச் சென்றார். அங்கே பெருங்கடை ஒன்றில், சிறு சிறு உலோகப் பட்டைகளையும் சக்கரங்களையும் திருகாணிகளையும் பூட்டி வேண்டிய உருவங்களைச் செய்துகாட்டும் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். சில உறுப்புக்களை மாற்றி மாற்றிப் பூட்டினாற் பல பொருள்கள் ஆகின்றனவே, நூற்பொருளையும் இங்ஙனம் உறுப்புறுப்பாகப் பிரித்துப் பூட்டலாகாதோ என்று அவர் எண்ணிய எண்ணமே 1933-இல் கோலன் பகுப்புமுறை என்னும் நூலாக வெளிவந்தது. ஒரு நூலை மேலிருந்து கீழாகப் பகுத்துக்கொண்டே போகாமல், அதன் தனித்தன்மை யாது, பருப்பொருள் யாது, வினை யாது, இடம் யாது, காலம் யாது என்று ஐந்து வினா எழுப்பி, விடைகளைத் தொடுத்து எண் அமைப்பது அம்முறை. தொடுப்பதற்குக் கொண்ட குறியே முக்காற்புள்ளியாகிய கோலன். 

அரங்கநாதனார் பல உறுப்புக்களைக் கண்டாராயினும், அவற்றை எவ்வரிசையிற் கோப்பது என்பதற்கு விதி வேண்டியிருந்தது. ஏனெனில் நூல் அப்பொழுதும் ஓரிடத்திலேதான் நின்றது. வலைப்பக்கத்திற்கோ அலமாரியே இல்லை. ஒரே பக்கம் 'ஏரி' என்னும் அழைப்பிற்கும் வரலாம். 'கண்மாய்' என்னும் அழைப்பிற்கும் வரலாம். 'குளம்' என்னும் அழைப்பிற்கும் வரலாம். ஒன்றற்கு வந்தமையால் மற்றொன்றற்கு வாராதொழிவதில்லை. அங்ஙனமாக, அலமாரிக்கு வேண்டிய கட்டுப்பாட்டை அலமாரி இல்லாதவிடத்தும் சுமப்பது எற்றுக்கு? ஆதலின் யான் அம்மாணவரிடம், "எச்சொல்லையும் நீக்கவேண்டா, கூட்டுங்கள்" என்றேன். ஒவ்வொருவரும் தம் ஊர்ச்சொல்லை எழுதுக. அதனோடு நால்வரும் ஒப்புக்கொண்ட ஒரு பொதுச்சொல்லையும் எழுதுக. அவர்கள் 'நீர்நிலை' என்பதைப் பொதுச்சொல்லாகக் கொண்டனர். அதன்பின் பொதுவாகத் தேடுவார்க்கு யாவும் வந்தன. ஓரூர் வழக்கை ஆராய்வார்க்கு அவ்வூர்ச் சொல்லும் அழியாது நின்றது. ஒரு சொல்லை மட்டும் நிறுத்தியிருப்பின், கட்டுரைக்கு வேண்டிய செய்திகளுள் ஒன்றாகிய அச்சொல் வேறுபாடே மறைந்து போயிருக்கும்.

நிற்க. இம்முறை எழுந்த வரலாறும் அறியத்தக்கது. நியூயார்க்கில் நிதி நிறுவனம் ஒன்றிற் பணிபுரிந்த ஜோஷுவா ஷாக்டர் என்பார், தாம் கண்ட நல்ல வலைப்பக்கங்களின் முகவரிகளை ஒரு சாதாரணக் கோப்பில் எழுதி வந்தார். அவை இருபதினாயிரம் அளவாகப் பெருகியபோது, தேடி எடுக்கும்பொருட்டு ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் 'கணிதம்' என்றாற்போல ஒரு சிறு சொல்லைக் குறித்தார். பிறர்க்கு என்று அவர் செய்தாரல்லர், தமக்காகவே செய்தார். அக்கோப்பையே பலரும் பயன்படுத்தும் வண்ணம் விரித்து, 2003-இல் டெலிஷியஸ் என்னும் தளத்தை அமைத்தார். புகைப்படங்களுக்குக் குறிச்சொல் இடும் பிளிக்கர் தளம் 2004-இல் தோன்றிற்று. அவ்வாண்டே தாமஸ் வாண்டர் வால் என்பார், மக்கள் தாமே செய்யும் இவ்வகைப்பாட்டிற்கு ஃபோக்ஸானமி என்று பெயர் சூட்டினார். பொதுமக்கள் என்னும் பொருளுடைய சொல்லையும் வகைப்பாட்டியல் என்னும் சொல்லையும் ஒட்டிச் செய்த பெயர் அது. 

ஆளுக்கொரு சொல் எழுதினால் குழப்பந்தானே மிஞ்சும் என்று வினவுவார் உளர். வினா தக்கதே. ஹியூலெட் பக்கார்டு ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த கோல்டர், ஹூபர்மன் என்னும் இருவர் 2005-இல் டெலிஷியஸ் தளத்தை ஆராய்ந்தனர். ஒரு பக்கத்தை ஏறத்தாழ நூறு பேர் சேமித்தபின், அதற்கு இடப்பெறும் சொற்களின் விகிதம் பெரிதும் மாறாது நிலைபெறுகின்றது என்று கண்டனர். அதாவது, நூறு பேர்க்குள் எச்சொல் மிகுந்து வந்ததோ, அதன்பின் ஆயிரவர் வரினும் அச்சொல்லே அவ்வளவில் மிகுந்து வரும். ஒருவரைப் பார்த்து மற்றொருவர் எழுதுதலும், படிப்பார் அனைவர்க்கும் பொதுவாகிய அறிவு இருத்தலும் இதற்குக் காரணம் என்றனர். சந்தையில் விலை படிவதுபோலச் சொல்லும் படிகின்றது. ஆனால் நம்போலியர் ஒரு குறிப்பைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்: அது நூறு பேர் கூடியவிடத்து நிகழ்வது. நால்வர் ஐவர் கூடியவிடத்தில் அது தானாக நிகழாது. சிறு குழுவினர் பேசித்தான் ஒரு பொதுச்சொல்லைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். பெருங்கூட்டத்தின் இயல்பைப் படித்துவிட்டு அதனையே தம் வகுப்பிலும் எதிர்பார்த்துக் கைகட்டியிருந்தவர் பலர் ஏமாந்தனர்.

பெருங்கூட்டத்தின் உழைப்பால் விளைந்த பயனுக்கு ஒரு சான்று காட்டுவேன். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தார் 2008-ஆம் ஆண்டு ஜனவரியில், தம்பால் இருந்த பழைய புகைப்படங்களுள் மூவாயிரத்துக்குச் சற்று மேற்பட்டவற்றைப் பிளிக்கர் தளத்தில் வைத்து, காண்பார் தமக்குத் தோன்றிய குறிச்சொல்லை இடுக என்று அழைத்தனர். பின்னரும் படங்கள் சேர்ந்தன. அவ்வாண்டு அக்டோபர்க்குள் 2,518 பேர் 67,176 குறிச்சொற்களை இட்டிருந்தனர். தகாத செய்கைகள் நிகழும் என்று அஞ்சியிருந்தார்க்கு, நீக்கவேண்டியனவாக இருந்தவை இருபத்தைந்துக்கும் குறைவே என்பது வியப்பளித்தது. அன்றியும், படத்தில் நிற்பவர் இன்னார், இடம் இன்னது என்று அயலார் கூறிய செய்திகளை ஆராய்ந்து, தம் பட்டியலின் ஐந்நூறுக்கு மேற்பட்ட பதிவுகளை நூலகத்தார் திருத்திக்கொண்டனர். கற்றறிந்த நூலகர் பலர் கூடியிருந்த அந்நிலையத்திற்கும் தெரியாத ஒரு தெருவின் பெயர், அத்தெருவில் வாழ்ந்த ஒருவர்க்குத் தெரிந்திருந்தது.

இனித் தொடங்குமாறு கூறுவேன். குழு மூவர் முதல் அறுவர் வரை இருத்தல் நன்று. பொருள் ஒன்றாக இருத்தல் வேண்டும்; 'பொது அறிவு' என்று தொடங்கியவர் எவரும் ஒரு திங்களுக்குமேல் நீடித்ததை யான் கண்டிலேன். கருவி யாது எனின், கல்லூரி மாணவர்க்கு ஸோட்டெரோ என்பதையே யான் பரிந்துரைப்பேன். அஃது 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திற் பிறந்தது, விலையின்றிக் கிடைப்பது, அதன் மூல நிரலும் யாவர்க்கும் திறந்துவைக்கப்பட்டுள்ளது. அதனைக் கணினியில் நிறுவி, உலாவியில் அதற்குரிய இணைப்பானையும் சேர்த்துக்கொண்டால், படிக்கும் பக்கத்தை ஒரு பொத்தானை அழுத்திச் சேமிக்கலாம். பக்கத்தின் படியும் உடன் சேமிக்கப்படும். குழுவிற்கென்று பொதுத்தொகுதி ஒன்றை அமைத்து நண்பரை அழைத்துக்கொண்டால், ஒருவர் சேர்த்தது மற்றவர் கணினியிலும் வந்து சேரும்.

டெலிஷியஸுக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. அங்கே ஒரே பக்கத்தை ஒவ்வொருவரும் தனித்தனியே சேமித்துத் தத்தம் சொல்லை இட்டனர். ஒருவர் சொல்லை மற்றொருவர் தொடுதற்கில்லை. ஸோட்டெரோவின் குழுத்தொகுதியிலோ பக்கம் ஒன்றே. சொற்கள் அனைவர்க்கும் பொது. திருத்தும் உரிமை பெற்றவர் எவரும் எச்சொல்லையும் அழித்துவிடலாம். ஆதலின், பிறர் இட்ட சொல்லை அவரைக் கேளாது அழிப்பதில்லை என்னும் உடன்படிக்கையை முதல்நாளே செய்துகொள்க. இது சிறிதெனத் தோன்றும். குழுக்கள் பிளவுபடுவது பெரும்பாலும் இத்தகைய சிறிய செய்திகளாலேயே. மற்றொன்று: நூற்பட்டியல்களிலிருந்து சேமிக்கும்போது அங்குள்ள பொருட்டலைப்புகள் தாமாகவே குறிச்சொற்களாக வந்து நிறையும். அவற்றை வாராமல் தடுக்க அமைப்பில் வழி உண்டு, தடுத்துவிடுக. நீவிர் எழுதிய பத்துச் சொற்கள் அக்கூட்டத்தில் மூழ்கிப்போகும்.

எத்தகைய சொற்களை இடுவது? மேற்கூறிய கோல்டரும் ஹூபர்மனும் மக்கள் இடும் சொற்களை ஆராய்ந்து, பக்கம் எதைப்பற்றியது என்பது, அது கட்டுரையோ நூலோ வேறு யாதோ என்பது, யாருடையது என்பது, அதன் தன்மை என்பது, பின்பு படிக்கவேண்டும் என்றாற்போன்ற வேலைக்குறிப்பு என்பது முதலாக ஏழு வகை கண்டனர். நம் மாணவர்க்கு அதனினும் எளிய வாய்பாடு ஒன்று முன்னரே கைவந்திருக்கின்றது. நன்னூலிற் பயின்ற அறுவகைப் பெயரே அது: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். ஒரு வலைப்பக்கத்தைச் சேமிக்கும்போது இவ்வாறையும் வினாவிப் பார்க்க. தூத்துக்குடி உப்பளத்தைப் பற்றிய பக்கம் ஒன்று வந்ததாகக் கொள்வோம். பொருள், உப்பு. இடம், தூத்துக்குடி. காலம், அப்பக்கம் எவ்வாண்டைப் பற்றிக் கூறுகின்றதோ அவ்வாண்டு. சினை, அதாவது உறுப்பு, பாத்தி. தொழில், உப்பு விளைத்தல். குணம் என்பதைப் படிப்பவர் நோக்கிற் கொள்க: 'எளிது' என்றோ, 'அட்டவணை உடையது' என்றோ, 'ஐயத்துக்குரியது' என்றோ எழுதலாம். ஆறனையும் எல்லாப் பக்கத்திற்கும் இடவேண்டும் என்பதன்று. வினாவினால் மூன்றேனும் தோன்றும். காலமும் இடமுமே மாணவரால் மிகுதியும் மறக்கப்படுவன. கட்டுரை எழுத அமரும்போதோ அவ்விரண்டுமே முதலில் வேண்டப்படுவன.

'ஐயத்துக்குரியது' என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல பக்கத்திற்கே குறிச்சொல் இடவேண்டும் என்று கருதித் தீய பக்கத்தைச் சேமிக்காது விடுவர் சிலர். அங்ஙனம் விட்டால், அதே பக்கத்தை நாளை மற்றொரு நண்பர் கண்டு மகிழ்ந்து கட்டுரையில் எடுத்தாள்வர். பிழையுடைய பக்கத்தையும் சேமித்து அதன்மேற் பிழை என்று எழுதிவைத்தலே உடன்பயில்வார்க்குச் செய்யும் பேருதவி.

தமிழிற் குறிச்சொல் எழுதுவார்க்குச் சில தனி இடர்கள் உள. ஆங்கிலத்தார்க்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் தொல்லை உண்டு; நமக்கு அஃதில்லை. ஆனால் வேற்றுமையுருபு உண்டு. 'மதுரை' என்று ஒருவரும் 'மதுரையில்' என்று ஒருவரும் எழுதினால் அவை பொறிக்கு இருவேறு சொற்களே. ஆதலின் பெயரை எழுவாய் வடிவில், உருபு ஏற்றாது எழுதுக. 'கோயில்', 'கோயில்கள்' என ஒருமையும் பன்மையும் கலவாது ஒருமையே கொள்க. கோயமுத்தூரும் கோவையும், கும்பகோணமும் குடந்தையும், புதுச்சேரியும் பாண்டிச்சேரியும் போன்ற இரட்டைப் பெயர்கட்கு, முன் கூறியவாறே முழுப்பெயரைப் பொதுச்சொல்லாக வைத்து மற்றதையும் கூட்டுக. இருசொல் தொடர்களில் இடைவெளி விடுவதா, சேர்த்தெழுதுவதா என்பதையும் முன்னரே முடிவு செய்க. டெலிஷியஸ் தளத்தில் நெடுங்காலம் இடைவெளி விட்டால் இரண்டு குறிச்சொல்லாகப் பிரிந்துவிடும். அதனால் அங்கே ஒருவர் சேர்த்தெழுதினார், ஒருவர் கீழ்க்கோடு இட்டார், ஒருவர் சிறுகோடு இட்டார். ஸோட்டெரோவில் இடைவெளி விடலாம். ஆயினும் 'உப்பளத் தொழில்' என்பதில் ஒற்று மிகுதலும் மிகாமையும் பற்றி நம் மாணவர்க்குள் உள்ள கருத்துவேறுபாடு தீருங்காறும், 'உப்பளம்' என ஒருசொல் இடுவதே நலம்.

கண்ணுக்குப் புலனாகாத இடரும் ஒன்று உண்டு. 'கௌரவம்' என்னும் சொல்லின் முதலெழுத்தை, ஔகாரக் குறியால் எழுதாமல், ஒற்றைக்கொம்பும் ககரமும் ளகரமும் தனித்தனியே தட்டி எழுதுவார் பலர். எழுத்து வடிவம் ஒன்றுபோலவே தோன்றும். பொறிக்கோ அது 'கெளரவம்' என்னும் வேறு சொல். இங்ஙனமே ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம். கொம்பும் காலுமாக இரண்டாகவும் தட்டலாம். ஒருங்குறி விதிப்படி அவ்விரண்டும் ஒன்றற்கொன்று நிகர் என்றாலும், அவ்விதியை நோக்காது ஒப்பிடும் கருவியில் அவை வேறாகிவிடும். குறிச்சொற் பட்டியலில் ஒரே சொல் இருமுறை நிற்பதைக் கண்டால், கருவி கெட்டது என்று எண்ணவேண்டா. இதுவே காரணமாதல் கூடும். ஒன்றைப் பெயர்மாற்றி மற்றொன்றைப்போலத் தட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இவ்வாறு பட்டியலைக் களையெடுக்கும் பணியை மாதம் ஒருமுறை குழுவில் ஒருவர் முறைவைத்துச் செய்க. அரைமணிக்கு மேல் ஆகாது.

இனி, யாவரும் அறிந்தும் எவரும் பேணாத செய்தி ஒன்று எஞ்சி நிற்கின்றது. டெலிஷியஸ் யாதாயிற்று? அதனை 2005-ஆம் ஆண்டு டிசம்பரில் யாஹூ நிறுவனத்தார் விலைக்கு வாங்கினர். 2008-ஆம் ஆண்டின் முடிவில் அதனைப் பயன்படுத்தியோர் 53 இலக்கம் என்றும், சேமிக்கப்பட்ட முகவரிகள் 18 கோடி என்றும் கூறப்பட்டது. 2010-ஆம் ஆண்டு டிசம்பரில், மூடத்தக்க பணிகளின் வரிசையில் டெலிஷியஸின் பெயரும் இருந்த ஓர் உட்குறிப்பு வெளியே கசிந்தது. அன்றே பலர் தம் சேமிப்பை எடுத்துக்கொண்டு வேறு தளங்களுக்கு ஓடினர். தளம் 2011-இல் கைமாறியது, பின்னரும் கைமாறியது. இறுதியில், பின்போர்டு என்னும் சிறு தளத்தை நடத்திவந்த ஒருவர் 2017-ஆம் ஆண்டு ஜூனில் 35,000 டாலருக்கு அதனை வாங்கி, அத்திங்கள் 15-ஆம் நாள் முதல் புதிதாக ஒன்றும் சேர்க்க இயலாதபடி நிறுத்தினார். எத்தனையோ ஆயிரவர் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பார்த்து இட்ட சொற்களின் களஞ்சியம் அது. அக்களஞ்சியத்தின் நெல் உழவருடையது. பூட்டும் திறவுகோலும் வேறொருவருடையவை.

யானும் இவ்வகையில் ஒருமுறை இழந்தேன். தளத்தின் பெயர் ஈண்டு வேண்டா. ஐந்தாண்டு பாடம் சொல்லுவதற்காகத் திரட்டிக் குறித்துவைத்த தொகுதி அது. மூடப்போவதாக அவர்கள் அறிவித்த கடிதம், யான் திறந்து பாராத ஒரு பழைய மின்னஞ்சற் பெட்டிக்குச் சென்றிருந்தது. கண்டபோது கெடு கடந்து இரண்டு திங்கள். முகவரிகளை மீண்டும் தேடிக்கொள்ளலாம். சிலவற்றைத் தேடியும் கொண்டேன். எந்தப் பக்கத்தை எந்த வகுப்பிற்கு எதன்பொருட்டு ஒதுக்கினேன் என்று எழுதிய சொற்களை மட்டும் மீட்க இயலவில்லை. 

ஆதலின், எக்கருவியைக் கொள்ளினும், சேர்த்ததை முழுதும் கோப்பாக வெளியே எடுக்க வழி உண்டா என்பதை முதல் பக்கத்தைச் சேமிக்கும் முன்னரே பார்த்துக்கொள்க. இல்லையெனின் அக்கருவி எத்துணை அழகியதாயினும் வேண்டா. ஸோட்டெரோவில் அவ்வழி உண்டு. குழுத்தொகுதியின் படி உறுப்பினர் ஒவ்வொருவர் கணினியிலும் இருத்தலால் ஒருவர் கணினி பழுதுபடினும் மற்றவரிடம் தொகுதி நிற்கும். அதுவும் போதாது. ஒருவர் தவறி அழித்தது எல்லார் கணினியிலும் அழியுமாதலின், தனிக்கோப்பு ஒன்றும் வேண்டும். வலைப்பக்கமே மறைந்துவிடுதலும் உண்டு. அதற்கு, 1996-இல் தொடங்கப்பெற்ற இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் நிலையத்தில் அப்பக்கத்தின் படியை நாமே சேமிக்கச் செய்யலாம்; முகவரியைக் கொடுத்தாற் போதும்.

முன் கூறிய நால்வரும் இப்பொழுது ஒவ்வொரு மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமையில் தொகுதியைக் கோப்பாக எடுத்து, கோப்பின் பெயரில் அன்றைய நாளை எழுதி, இரண்டு இடங்களில் வைக்கின்றனர். ஒன்று அவர்களுள் ஒருவருடைய கணினியில். மற்றொன்று துறையின் அலமாரியில் உள்ள ஒரு சிறு நினைவகத்தில். அதன் உறையின்மேல் ஏரி, கண்மாய், குளம் என்னும் மூன்று சொற்களையும் மையால் எழுதியிருக்கின்றனர்.